வரிசையில் நிற்காமல் கிடைத்த மேசை

1

நியூ லின் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஒரு கம்போடியச் சாப்பாட்டுக் கடை வரும். எட்டு மேசைகள்தான். தொலைபேசியில் இடம் பிடிக்க முடியாது, இணையத்திலும் முடியாது. வாசலில் ஓர் அட்டையில் தாளைச் செருகி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பெயரையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிவிட்டு வெளியே நிற்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் என்றால் ஒரு மணித்தியாலம் சாதாரணம். மழை வந்தால் பக்கத்து டெய்ரியின் கூரைக்குக் கீழே ஒதுங்குவார்கள். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே நியூசிலாந்தில் பெட்டிக்கடைக்கு டெய்ரி என்று பெயர். அந்த வரிசையில் டாக்டரும் நிற்பார், லொறி ஓட்டுபவரும் நிற்பார். ஒருவரும் முணுமுணுப்பதில்லை.

நான் அங்கே ஒரே ஒரு தடவைதான் நின்றிருக்கிறேன். நான்கு வருடமாக எனக்கு மட்டும் மேசை தயாராக இருந்தது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்து நாளைக்கு முன் குகன் தொலைபேசி எடுத்தான். குகன் என் மனைவி வதனியின் தம்பி.

"அத்தான், வாற சனிக்கிழமை நான் முதல் வேலைக்குச் சேந்து இருபது வருசம். எல்லாருமாப் போய் அந்தக் கம்போடியாக் கடையில சாப்பிடுவம். எட்டுப் பேர்."

"அங்க ஏன்? வேற நல்ல இடம் எத்தினை கிடக்கு."

"உங்கட மகள் துளசி சொல்லிச் சொல்லி எங்கட பெடியளுக்கும் ஆசை வந்திட்டுது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா மேசை கிடைக்கும்தானே? அந்த வேலையை எடுத்துத் தந்ததே நீங்கள். உங்களோட இருந்துதான் சாப்பிடவேணும்."

"பாப்பம்" என்றேன். எங்கள் ஆட்கள் "பாப்பம்" என்றால் முடியாது என்று அர்த்தம். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்ததில் குகனுக்கு அந்த நுணுக்கம் போய்விட்டது. "தாங்ஸ் அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

2

கடைக்காரியின் பெயர் தேவி. தமிழ்ப் பெண் இல்லை. கம்போடியாவிலும் அந்தப் பெயர் உண்டு என்பது எனக்கு அவளைப் பார்த்த பிறகுதான் தெரியும். மனுரேவாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை, கீரைவகையும் சாலட்டும் கழுவிப் பையில் அடைக்கிற இடம். அங்கே என் முதல் நாளில் வேலைப் பட்டியலில் "தேவி" என்று பார்த்துவிட்டு, ஆஹா, நம்ம ஆள் ஒன்று இருக்கிறது என்று தேடிக்கொண்டு போனேன். கம்பளித் தொப்பியும் ரப்பர் சப்பாத்தும் போட்ட ஒரு சின்ன உருவம் என்னை ஏற இறங்கப் பார்த்தது.

அப்போது நாங்கள் இரண்டு குடும்பமும் நியூ லின்னில் வாடகைக்கு இருந்தோம். மனுரேவா நகரத்தின் மறு கோடி. ஒரு ரயிலில் நகரத்துக்குப் போய் இன்னொரு ரயிலுக்கு மாற வேண்டும். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குகிற இடத்தில் படி நேராக வரும், எந்த நாளில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடுவார்கள், எல்லாம் தேவிதான் சொல்லித் தந்தாள். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் தூங்கி வழிந்துகொண்டு போனோம். என் புட்டில் அவள் ஒரு கை எடுப்பாள். அவள் கொண்டுவருவது அரிசி நூடில்ஸும் மீன் குழம்பும், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம்முடைய இடியப்பமும் சொதியும்தான். அவள் தாய்லாந்து எல்லையில் ஒரு முகாமில் வளர்ந்தவள். நானும் ஒரு யுத்தத்துக்குத் தப்பி வந்தவன். அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. கதைக்கத் தேவை இருக்கவில்லை.

என்னை அவள் "பொங்" என்பாள். அவர்களுடைய மொழியில் அண்ணன். நாங்கள் கதைப்பது ஆங்கிலத்தில், இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஓட்டை. இங்கே தமிழில் எழுதும்போது அந்த ஓட்டையை அடைத்துத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பெரிய பதவி ஒன்றும் இல்லை, லைனுக்குப் பொறுப்பாளர். பெல்ட்டில் நின்று இலை பொறுக்குகிற வேலை போய், யார் எந்த நேரம் வரவேண்டும் என்று ரோஸ்டர் எழுதுகிற வேலை வந்தது. ஒரு பழைய கார் வாங்கினேன். மனுரேவாவுக்கே வீடு மாறினேன். தேவி தனியாக ரயிலில் வந்து போனாள்.

3

அந்த நேரம்தான் குகனின் மாணவர் விசா முடிகிற கட்டம். வேலை தருகிறோம் என்று ஒரு நிறுவனம் எழுதிக் கொடுத்தால்தான் இருக்கலாம், இல்லையென்றால் விமானம் ஏற வேண்டும். எங்கே ஏறி எங்கே இறங்குவது? கொழும்பில் இறங்கினால் என்ன நடக்கும் என்று அந்த வருடங்களில் யாராலும் சொல்ல முடியாது. வதனிக்கு உயிரோடு மிஞ்சிய சகோதரம் அவன் ஒருவன்தான். அவள் அழவில்லை. இரவில் சமையலறையை இரண்டாம் தடவை துடைப்பாள். துடைத்துவிட்டுக் கேட்பாள்.

"உங்கட இடத்தில ஒரு வழியும் இல்லையே?"

"ஆள் நிரம்பிக் கிடக்கு. ஒராள் வெளிக்கிட்டால்தான்."

மனேஜரும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஓர் இடம் காலியாகட்டும், உன் ஆளைக் கூட்டிவா. எங்கள் லைனில் இருபத்திரண்டு பேர், அதில் ஏழு பேர் என் மூலமாகவோ என் மூலம் வந்தவர்கள் மூலமாகவோ வந்தவர்கள். எங்கட ஆட்களை உள்ளே எடுத்துவிடுவது ஒரு புண்ணியம் மாதிரித்தான் எங்களுக்குள் இருந்தது. உள்ளே எடுப்பதற்கு யாரோ ஒருவர் வெளியே போக வேண்டும் என்பதை யாரும் கதைப்பதில்லை.

அதிகாலை ஷிப்ட் ஐந்து மணிக்குத் தொடங்கும். அதற்கு வாகனம் வைத்திருப்பவர்களைத்தான் போடுவோம், ஏனென்றால் அந்த நேரத்துக்கு ரயில் இல்லை. நியூ லின்னில் முதல் ரயிலைப் பிடித்தால் வந்து சேர ஏழு மணி ஆகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அடுத்த மாதத்து ரோஸ்டரில், அதிகாலை ஷிப்டில், தேவியின் பெயரை எழுதினேன். மனேஜர் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

எட்டு நாள் அவளுடைய தங்கையின் கணவர் தன் இரவு வேலை முடிந்து வந்து அவளைக் கொண்டுவந்து விட்டார். ஒன்பதாம் நாள் அவள் விலகுவதாகச் சொன்னாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாற்றியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றியிருக்க மாட்டேன்.

ஒரேயொரு உதவி கேட்டாள், நற்சான்றுக் கடிதம். மனச்சாட்சி குத்தியதில் ஒரு பக்கம் நிறைய எழுதினேன். கெட்டிக்காரி, நேர்மையானவள், சுத்தம் பார்ப்பவள். அதற்குக் கீழே, மூன்று வருடத்தில் ஒருநாளும் நேரம் பிந்தி வந்ததில்லை என்றும் எழுதினேன்.

அதே கிழமை குகனுக்கான விசாப் படிவம் வந்தது. மனேஜருக்கு எழுத்து வேலை பிடிக்காது, என்னிடம் தள்ளிவிட்டார். கன்டீன் மேசையில் வைத்து நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி: இந்த வேலைக்கு ஏற்கெனவே நியூசிலாந்தில் இருக்கும் ஒருவரை ஏன் அமர்த்த முடியவில்லை? கீழே நான்கு வரி இடம். "அதிகாலை ஷிப்டுக்கு வர ஆட்கள் கிடைப்பதில்லை" என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. குகன் என் காரில்தான் வேலைக்கு வந்தான்.

விட்டுப் போனது யார் என்று வதனி கேட்டாள்.

"ஒரு கம்போடியாப் பிள்ளை. அவவுக்கு வேற நல்ல இடம் கிடைச்சிட்டுதாம்."

4

இனி நான்கு வருடத்துக்கு முந்திய கதை. அதற்குள் நாங்கள் மாசி என்ற புறநகரில் வீடு வாங்கி வந்துவிட்டோம். மகள் துளசி நகரத்தில் சினேகிதிகளோடு ஃப்ளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வா, ஆட்டிறைச்சிக் கறி இருக்கிறது என்று செய்தி அனுப்பினால் ஒரு சின்ன மஞ்சள் முகம் பதிலாக வரும். அது வருகிறேன் என்பதா வரமாட்டேன் என்பதா என்று நானும் வதனியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய்வோம்.

ஒருநாள் அவளாகவே கூப்பிட்டாள். "அப்பா, நியூ லின்ல ஒரு ப்ளேஸ். தி ஃபுட் இஸ் அன்ரியல். யூ கைஸ் ஷுட் கம்."

போனோம், பெயர் எழுதினோம், முக்கால் மணித்தியாலம் நின்றோம். பட்டியலைப் பார்க்க ஒரு பெண் வெளியே வந்தாள். தாளைப் படித்தாள், தலையை நிமிர்த்தினாள்.

"பொங்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே போனாள். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள், "இவர்தான் எனக்குக் கடிதம் எழுதித் தந்தவர்!" அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் ஓர் உணவகச் சமையலறையில் வேலை எடுத்தாளாம். பல வருடத்துக்குப் பிறகு இந்தக் கடையை வாடகைக்கு எடுக்க வந்தபோது கட்டடக்காரரிடமும் அதைத்தான் காட்டினாளாம். துளசி என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சமையலறைக்குப் பக்கத்து மேசையில் தேவியின் தங்கை இருந்து முளைத்த பயறுக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தாள். அது அவர்களுடைய வேலை மேசை. தேவி ஏதோ சொல்ல, அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். நாங்கள் அங்கே இருந்தோம். அதற்குப் பிறகு நான் ஒரு செய்தி அனுப்பினால் போதும், அந்த மேசை எனக்கு.

முதல் தடவை வாசலில் நின்றவர்களைத் தாண்டி உள்ளே போனபோது ஒரு மண்ணெண்ணெய்க் கான் ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை விடியமுன் தொடங்கும். சனங்கள் கல் வைத்து இடம் பிடிப்பார்கள். என் அப்பாவுக்கு மனேஜரைத் தெரியும். எங்கள் கான் பின்கதவால் போய்ப் பின்கதவால் வரும். அதைத் தூக்கிக்கொண்டு வரிசையைக் கடந்து வருவது என் வேலை. ஒருவரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள், பார்ப்பார்கள். எனக்குக் காது சுடும். ஆனால் ஒருநாளும் நான் அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டில் விளக்கு எரிந்தது.

தேவியை மறுபடி கண்ட அந்த முதல் நாள், காரில் திரும்பி வரும்போது வதனி கேட்டாள்.

"இவதானே அந்தப் பிள்ளை?"

"ஓம்."

"வேற நல்ல இடம் கிடைச்சதெண்டு சொன்னீங்கள்."

வீட்டு வாசலில் நிறுத்தியதும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கேட்டுக் கேட்டு உங்களை நெருக்கினது" என்றாள். பிறகு, "அவவிட்டச் சொல்லிப்போடுங்கோ" என்றாள்.

சொல்லவில்லை. ஏன் என்றும் சொல்கிறேன். துளசி மாதம் ஒருமுறை எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே இடம் அது. சினேகிதிகளையும் கூட்டிவருவாள். "மை டாட் நோஸ் தி ஓனர்" என்பாள். அந்த ஒரு வசனத்துக்காக நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

5

போன சனிக்கிழமை எட்டுப் பேரும் போனோம். எட்டுப் பேர் என்றால் இரண்டு மேசை வேண்டும். நான் செய்தி அனுப்பியதற்குத் தேவி ஒரு நிமிடத்துக்குள் "வாருங்கள் பொங்" என்று பதில் போட்டிருந்தாள். தூறல். டெய்ரிக் கூரையின் கீழே பதினைந்து பேராவது நின்றார்கள், ஒரு பெண் தோளில் கைக்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குகன் அவர்களுக்கு நடுவால் எங்களை வழிநடத்திப் போனான், ஏதோ கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. வதனி யாரையும் பார்க்காமல் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

சாப்பாடு வந்தது. வாழையிலையில் அவித்த மீன், தேங்காய்ப்பால் மணம். குகனின் பெடியள் இரண்டு பேரும் படம் எடுத்த பிறகுதான் கை வைத்தார்கள். தேவி கை துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து நின்றாள். குகனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவன் நல்லவன், அதுதான் கரைச்சல்.

ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னான், "நானும் அதே தொழிற்சாலையில்தான் தொடங்கினேன். இன்றைக்கு இருபது வருடம். இவர்தான் இடம் எடுத்துத் தந்தவர்."

"அப்படியா? எந்த லைன்?"

"மூன்றாவது பெல்ட். கதவுக்குப் பக்கத்தில். அந்தக் குளிர் எலும்புக்குள்ளே போகும்."

தேவி சிரித்தாள். "அது என்னுடைய இடம்! எனக்குப் பிறகு வந்தவர் நீங்கள்தானா? அந்தக் கதவை நான் அட்டை வைத்து அடைத்திருந்தேனே."

"அட்டை இருந்தது! அது உங்களுடையதா? ஒரு குளிர்காலம் முழுக்க என்னைக் காப்பாற்றியது அதுதான்."

இரண்டு பேரும் கை குலுக்கினார்கள். துளசி அதையும் படம் எடுத்தாள். "திஸ் இஸ் சோ க்யூட், அப்பா" என்றாள். தேவி பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட வாசலுக்குப் போனாள். குகன் என் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னான்.

"பாத்தீங்களே அத்தான். அவ விட்டுட்டுப் போகாட்டி நான் எங்கயோ. அவவுக்கு நாங்கள் பெரிசா ஏதாவது செய்யவேணும்."

வதனி மேசைக்குக் கீழே என் முழங்காலைத் தொட்டாள். அழுத்தவில்லை, தொட்டாள், அவ்வளவுதான். நான் எழுந்தேன்.

6

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கவுண்டர். தேவி குனிந்து பட்டியலில் ஒரு பெயரை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு சரியில்லையா, பொங்?"

"சாப்பாடு நல்லது. ஒன்று சொல்ல வேண்டும்."

"சொல்லுங்கள்."

நான்கு வருடமாக ஒத்திகை பார்த்த வசனங்கள் எத்தனையோ இருந்தன. எங்கள் நாட்டு நிலைமை, விசா, வதனியின் குடும்பத்தில் மிஞ்சிய ஒருவன். எல்லாம் உண்மைதான். எல்லாவற்றையும் முன்னால் போட்டுவிட்டால் நான் செய்தது பின்னால் மறைந்துவிடும் என்று பட்டது. அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

"உங்களை அதிகாலை ஷிப்டில் போட்டது மனேஜர் இல்லை. நான். குகனுக்கு இடம் வேண்டியிருந்தது."

அவள் பேனாவை மூடவில்லை. தாளைப் பார்த்தபடி நின்றாள். சமையலறையில் யாரோ சட்டியைப் போட்டு உடைத்த மாதிரிச் சத்தம் கேட்டது, அவள் திரும்பவில்லை.

"அந்த நேரத்துக்கு ரயில் இல்லை" என்றாள்.

"ஓம்" என்றேன். என்னை அறியாமல் தமிழில் வந்துவிட்டது. அவளுக்கு விளங்கியது.

"என் தங்கை அன்றைக்கே சொன்னாள், அந்த ஆள் வேண்டுமென்றுதான் செய்கிறார் என்று. நான் அவளோடு சண்டை போட்டேன். இல்லை, அவர் கார் வாங்கிவிட்டார், கார் வாங்கினவர்களுக்கு ரயில் நேரம் மறந்துபோகும் என்றேன்." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "உங்களிடம் கேட்டிருப்பேன். கேட்டால் அதை மாற்ற நீங்கள் மனேஜரிடம் போய் எனக்காகக் கதைப்பீர்கள், உங்களுக்குப் பிரச்சினை வரும். அதனால் கேட்கவில்லை."

எனக்குக் கண் கலங்கியது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்று ஒரு கோபமும் வந்தது. பின்னால் எங்கள் மேசையில் எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள், துளசியின் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

தேவி இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு ரயில் நேரம் மறந்துபோனதா?"

அவள் எனக்கு இன்னொரு தடவை இடம் தருகிறாள் என்று விளங்கியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் முன்பு போல இருக்கும். துளசிக்கு ஒன்றும் தெரியவராது, அடுத்த மாதமும் வருவோம்.

"இல்லை" என்றேன். "மறக்கவில்லை."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, பட்டியலில் அடுத்து இருந்த பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டாள்.